உள்பக்கம்

ஒப்பந்தத்தின் வாசகம் எளிமையானது. ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, கண்ணை மூடாமல், சாலையோரத்தில் நின்று அவள் பார்க்க வேண்டும். பார்த்து முடித்த பிறகு அவள் சொல்வதே தீர்ப்பு. ‘ஓட்டு’ என்றால் அவள் கணவன் தொடர்ந்து ஓட்டுவான். ‘நிறுத்து’ என்றால் அன்றே நிறுத்திவிடுவான். எப்படியானாலும் அதன் பிறகு வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு எழக் கூடாது.

இதை முன்மொழிந்தவன் அவன்தான். பந்தயத்தில் உடைந்த காறை எலும்பு கூடி, தோளில் தொங்கிய கட்டை அவிழ்த்த அன்று, சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னான்.

“நீ ஒரு தடவையாவது வந்து பாத்திருக்கியா?”

“எதுக்குப் பாக்கணும்? ஆஸ்பத்திரியில பாக்கறது போதாதா?”

“பாக்காமலே தீர்ப்பு சொல்றது என்ன நியாயம்?”

“நெருப்பு சுடும்னு தெரிஞ்சுக்க கையை விட்டுப் பாக்கணுமா?”

“விட வேணாம். பக்கத்துல நின்னு பாக்கலாம் இல்ல?”

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அவன் பழக்கம். இந்த முறை அது சரியாகவும் இருந்தது.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வாரம் முழுவதும் மேலும் கீழுமாகப் போய்வருகிறவனுக்கு முன்னால் போக வேண்டும் என்ற ஆசை வந்ததில் வியப்பில்லை என்று அவனுடைய நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘நிதானம்’. அவள் வாகனங்களுக்கு இருக்கை உறை தைப்பவள். இதுவரை பந்தய நாள்களில் பூட்டியிருந்த பட்டறையை அவளே திறந்து, உள்ளே உட்கார்ந்து, பழைய உறைகளின் தையலைப் பிரிப்பாள். பிரிப்பதற்குக் கண் போதும், மனம் வேண்டாம். மாலையில் தொலைபேசி ஒலித்து அவன் குரல் கேட்கும்வரை பிரித்துக்கொண்டே இருப்பாள். சில ஆண்டுகளில் வேறு குரல்கள் ஒலித்தன.

பார்ப்பதென்று ஆன பிறகு, எங்கே நின்று பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியோடு அவளுடைய நாத்தனாரும் வந்து சேர்ந்தாள்.

நாத்தனாருக்கு வீட்டில் ‘பல்லி’ என்று பெயர். சிறு வயதில் அண்ணனின் பந்தயத்தைப் பார்க்க மதில் மதிலாக ஏறி ஒட்டிக்கொண்டதால் வந்த பெயர் அது. வளர்ந்து, செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெயருக்கு இரண்டாவது பொருளும் கிடைத்தது. பெயரை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அத்துடன் போயிற்று.

“இடத்த என்கிட்ட விடுங்க அண்ணி,” என்றாள் பல்லி. “சினிமாவுக்கு சீட்டு எடுக்கற மாதிரி இல்ல இது. தப்பான இடத்துல நின்னா சத்தம் மட்டும்தான் கேக்கும்.”

பயிற்சி ஓட்டம் சனிக்கிழமை நடந்தது. பந்தயப் பாதை ஊரைச் சுற்றிவரும் பொதுச் சாலைகள்தாம். மற்ற நாள்களில் அவற்றில் பேருந்தும் பால் வண்டியும் போகும். பல்லி அவளை முதலில் பேருந்து நிலையத்து மதிலுக்கு அழைத்துப் போனாள். அங்கே சாலை நேர்க்கோடு. வண்டி என்று எதையும் அவளால் காண முடியவில்லை. ஒரு நிறம் வந்தது, முரட்டுத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் அதன் பின்னால் வந்தது, இரண்டும் போய்விட்டன.

“இப்பப் போனது யாரு?”

“அண்ணன்.”

“நான் பாக்கவே இல்லையே.”

“நானும் பாக்கல. சத்தத்த வச்சு சொன்னேன்.”

அடுத்தது பாலம். சாலை பாலத்தின் மீது முதுகு வளைத்து ஏறி இறங்கியது. ஏறிய வேகத்தில் வண்டிகள் தரையை விட்டு எழும்பின.

“ரெண்டு சக்கரமும் தரையில இல்லையே,” என்றாள்.

“கொஞ்ச நேரம்தான் இருக்காது. அப்புறம் வந்துரும்.”

“வரலன்னா?”

“மேல போனதெல்லாம் கீழ வந்துதானே ஆகணும்? லிஃப்ட்ல வேல பாக்கறவனுக்குத் தெரியாதா அது?”

பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி, குடை நிழலில் மடக்கு நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேட்காமலேயே சொன்னார்: “நல்ல இடம் பாத்திருக்கீங்கம்மா. விழுந்தா இங்கதான் முழுசாத் தெரியும். போன வருஷம் ஒருத்தன் விழுந்தான் பாருங்க, அப்படி ஒரு...”

“நாங்க அதுக்கு வரல,” என்று அவள் நடந்துவிட்டாள்.

“நான் சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்,” என்று குடைக்குக் கீழே இருந்து குரல் தொடர்ந்தது.

பள்ளிக்கூட மூலையில் சாலை ஏறக்குறைய திரும்பிப் பார்ப்பதுபோல மடங்கியது. அங்கே வண்டிகள் கடைக்குப் போகிறவர்களைப் போல வந்து, திரும்பி, போயின. தலைக்கவசம் மட்டும் இடங்கொடுத்திருந்தால் ஒருவன் மூக்கைச் சொறிந்துகொண்டே திரும்பியிருப்பான்.

“இங்கயே நிக்கலாம் அண்ணி. நிழல் இருக்கு. முகம் வரைக்கும் தெரியும்.”

“நீ இங்கதான் நிறுத்துவேன்னு எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“இங்க நின்னு பாத்தா நானே ‘ஓட்டுங்க’ன்னு சொல்லிருவேன். அதுக்குத்தானே?”

“அப்ப பாலத்துக்கே வாங்க. குடைக்காரர் கூட உக்காந்து பாப்போம். ‘நிறுத்து’ன்னு சொல்ல அதுதான் வசதி.”

ஒருத்தி மற்றவளின் மீது சுமத்திய குற்றம் இரண்டு பக்கமும் உண்மையாக இருந்தது. இடத்தைத் தேர்வதென்பது தீர்ப்பைத் தேர்வதுதான். பாலத்தில் நின்றால் ஒரு தீர்ப்பு, பள்ளிக்கூடத்தில் நின்றால் வேறொரு தீர்ப்பு. சாலையும் வண்டியும் மனிதனும் ஒன்றே. எந்தத் தீர்ப்பையும் முன்கூட்டித் தராத இடம் ஒன்று வேண்டும் என்று அவள் பிற்பகல் முழுவதும் நடந்தாள். ஓரிடத்தில் ஐந்து வண்டி கடப்பதற்குள் அவளுக்குக் கால் பரபரத்தது. பல்லிக்கு வாய் வலித்தது. கால் வலித்ததாக அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

மாலையில் அவன் வந்தான். உடையைக் களையும் முன்னரே கேட்டான்.

“எங்க நிக்கப் போறே?”

“தெரியல.”

“காலையில ரோட்ட மூடிருவாங்க. மூடினப்புறம் இந்தப் பக்கம் நிக்கறவங்க இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நிக்கறவங்க அந்தப் பக்கம். பந்தயம் முடியற வரைக்கும் கடக்க முடியாது.”

“நீங்களே ஒரு இடம் சொல்லுங்க.”

“நான் சொன்னா எனக்குச் சாதகமா சொன்னேன்னு நாளைக்கு என் வாயையே பிடிப்பே.”

“பிடிக்க மாட்டேன்.”

அவன் யோசித்தான். காலுறையை உருவிக்கொண்டே யோசித்ததில் ஒரு காலுறை பாதியில் நின்றது. “மாட்டாஸ்பத்திரி திருப்பம்,” என்றான். “பள்ளிக்கூடம் மாதிரி மெதுவாவும் இருக்காது, பாலம் மாதிரி பறக்கவும் மாட்டோம். தூரத்துல வர்றது தெரியும். பிரேக் போடறது தெரியும். சாயறது, நிமிர்றது, போறது எல்லாம் தெரியும். அங்க மறைக்க ஒண்ணும் இல்ல. பாத்துட்டு நீ என்ன சொன்னாலும் நான் ஏத்துக்கறேன்.”

“சரி.”

“உள்பக்கம் நில்லு. உள்பக்கம் மட்டும்தான். மறந்துராத.”

“உள்பக்கம்,” என்று அவளும் சொன்னாள்.

இருவரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்.

மறுநாள் அவன் கிளம்பிப் போன பிறகு அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை. பட்டறைச் சாவியைக் கையில் எடுத்து, பார்த்து, திரும்ப ஆணியில் மாட்டினாள். பல்லி வந்ததும் இருவரும் புறப்பட்டார்கள். சொல்லப்பட்ட இடத்துக்கு நேராகப் போயிருந்தால் நேரம் தாராளமாக இருந்திருக்கும். அவளோ பாலத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்றாள். அங்கிருந்து பள்ளிக்கூட மூலைக்கு இழுத்தாள். அங்கே நல்ல இடம் பிடித்து நின்ற ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் கிளம்பினாள்.

“அண்ணி, நீங்க பந்தயம் பாக்க வந்தீங்களா, ஓட வந்தீங்களா?”

“நடக்கறப்ப யோசிக்காம இருக்க முடியுது.”

“அதுக்கு நான் எதுக்கு?”

“நீ பேசிட்டே வா. அதுவும் உதவுது.”

மாட்டாஸ்பத்திரியை அடைந்தபோது சாலைகளை மூடும் சங்கு ஒலித்துவிட்டது. ஆனால் பல்லியிடம் பின்வாசல் சாவி இருந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்கு முன்பல் இரண்டு கட்டிக் கொடுத்தவள் அவள். விடுமுறை நாளில் சாவியைக் கேட்க அந்த உறவு போதுமானதாக இருந்தது. கொல்லையில் பினாயில் வாடை வீசியது. மாடுகளை நிறுத்தி ஊசி போடும் இரும்புச் சட்டம் காலியாக இருந்தது. பின்னங்காலில் கட்டுப் போட்ட ஆடு ஒன்று தொட்டியருகே நின்று, வந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர் என்று உறுதி செய்துகொண்டு மறுபக்கம் திரும்பியது. முன்பக்க மதில் மார்பளவு உயரம். பல்லி பழக்கப்படி ஒரே எட்டில் ஏறிக் குதித்தாள். அண்ணிக்குக் கை கொடுத்து இறக்கினாள். மதிலுக்கும் சாலைக்கும் இடையே ஒரு பாய் அகலத்துக்குப் புல்தரை. சாலை விளிம்பில் வைக்கோல் கட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் அருகே ஒரு பலகை: ‘வெளிப்புறம் நிற்கத் தடை.’

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாதை ஊரைச் சுற்றி ஓடுவதால் அதன் வளைவுகள் ஒன்றைத் தவிர எல்லாம் ஊரை நோக்கியே மடங்கின. எனவே ஊரார் வாயில் உள்பக்கம் என்றால் ஊர்ப்பக்கம், வெளிப்பக்கம் என்றால் வயல்பக்கம்; ஓட்டுகிறவர்களுக்கோ உள்பக்கம் என்பது வளைவின் உள்மடிப்பு. மற்ற இடங்களில் இரண்டு பொருளும் ஒரே மண்ணில் வந்து நின்றன. மாட்டாஸ்பத்திரி திருப்பம் மட்டும் ஊருக்கு முதுகைக் காட்டி, வயலை நோக்கி மடங்கியது. அங்கே ஊரின் உள்பக்கம் வளைவின் வெளிப்பக்கம். பிடி நழுவிய வண்டி நேராக வந்து சேரும் இடம் அது. பல்லி ஏறியிருந்த மதில்கள் எல்லாம் ஊருக்கு நடுவில் இருந்தவை. இந்தத் திருப்பத்துக்கு அவளும் அன்றுதான் முதன்முறையாக வந்தாள்.

பல்லி பலகையைப் படித்தாள். சாலைக்கு அப்பால் வயலில் நிழற்பந்தல் போட்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தாள்.

“பாத்தீங்களா அண்ணி? தடைன்னு கொட்டை எழுத்துல போட்டும் அத்தன பேரு வெளிப்பக்கம் நிக்கறாங்க. யார் சொல்லி யார் கேக்கறா?”

“நம்மளப் பாத்துக் கை ஆட்டறாங்களே.”

“நல்ல இடம் நமக்குக் கிடைச்சிருச்சுன்னு வயித்தெரிச்சல்.”

கூட்டத்தின் முன்னால் நின்ற கொடிக்காரர் விசிலை ஊதினார். இரண்டு கைகளாலும் எதையோ பெருக்கித் தள்ளுவதுபோலக் காட்டினார்.

“வரச் சொல்றாரா?”

“எப்படிப் போறது? ரோட்ட மூடியாச்சு. சட்டம் அவருக்கே தெரியலன்னா நாம என்ன செய்ய முடியும்?” பல்லி அவருக்கு மரியாதையாகக் கையை உயர்த்திக் காட்டினாள்.

தூரத்து ஒலிபெருக்கி பந்தயம் தொடங்கிவிட்டதாக அறிவித்தது. எட்டுச் சுற்று.

முதல் சுற்றில் வண்டிகள் கொத்தாக வந்தன. கறுப்பு உடையில் வலது முழங்காலுக்கு மட்டும் பழுப்புத் தோல் ஒட்டியிருந்தவனை அவள் உடனே அறிந்தாள். அந்தத் துண்டைத் தைத்தவள் அவள். ஐந்தாவதாக வந்தான். நிமிர்ந்தான், பிரேக்கைப் பிடித்தான், இடுப்பை ஒருபுறம் நகர்த்தினான், சாய்ந்தான். வண்டியும் அவனும் தையல் இயந்திரத்தில் ஊசிக்குக் கீழே வளைந்து செல்லும் துணியைப் போல, சுருக்கமோ இழுப்போ இன்றி அந்த வளைவைக் கடந்தார்கள். அவன் கண் வளைவின் மீதே இருந்தது, இவளைப் பார்க்கவில்லை.

அவள் கண்ணை மூடவில்லை என்பதை அவன் போன பிறகுதான் கவனித்தாள். அஜாக்கிரதையைப் பார்க்கப்போகிறோம் என்று வந்தவள் அவள். கண்டது ஜாக்கிரதை. வீட்டில் தண்ணீர்க் குவளையைக்கூட மேசை விளிம்பில் வைக்கிறவன், இங்கே ஒரு விரல்கடை இடத்தையும் வீணாக்கவில்லை. இது அவளுடைய வழக்குக்கு நல்லதல்ல.

“எப்படி?” என்றாள் பல்லி.

“ம்.”

“‘ம்’னா?”

“நல்லாத்தான் போறார்.”

பல்லி அந்த வாக்கியத்தை நகைக்கடையில் தங்கத்தைப் பார்ப்பதுபோலப் புரட்டிப் பார்த்து, உள்ளே வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் சுற்றில் அவன் அவளைப் பார்த்தான். பார்த்த கணம் அவளுக்குத் தெரிந்தது. வண்டி தலையை ஆட்டியது. வழக்கமான இடத்துக்கு வெகு முன்னரே நிமிர்ந்து உட்கார்ந்தான். சாயவே இல்லை என்று சொல்லலாம். இருவர் அவனைக் கடந்து போனார்கள்.

“என்ன ஆச்சு இவனுக்கு? வண்டி கோளாறா?” பல்லி நகத்தைக் கடித்தாள்.

மூன்றாம் சுற்றிலும் அதேபோல வந்தான். இம்முறை இடது கையைப் பிடியிலிருந்து எடுத்து, அவர்களை நோக்கி ஒரு முறை வீசினான்.

“டாட்டா காட்டறான் அண்ணி.” பல்லி வைக்கோல் கட்டின் மீது ஏறி நின்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். “பந்தயத்துல யாராவது டாட்டா காட்டுவாங்களா? உங்களுக்காகத்தான் காட்டறான். கொடுத்து வச்சவங்க நீங்க.”

அவளும் கையைப் பாதி உயர்த்தினாள். டாட்டா காட்டும் கையில் உள்ளங்கை தெரியும்; இதில் புறங்கைதான் தெரிந்தது.

நான்காம் சுற்றில் இன்னும் மெதுவாக வந்தான். கை மீண்டும் எழுந்தது. விரல்களைச் சேர்த்து, புறங்கையால் காற்றை ஓங்கித் தள்ளியது. அந்தக் கையை அவள் முன்பே பார்த்திருந்தாள். ஒருநாள் சோறு கொடுக்கப் போனபோது, லிஃப்ட் கூண்டு இல்லாத வெறும் குழிக்கு முன்னால் நின்றவன் அவளிடம் அதே கையைத்தான் காட்டினான். பேசவில்லை. அந்தக் கைக்கு ஒரே பொருள்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். வைக்கோல் கட்டுகள் இந்தப் பக்கம் மட்டுமே இருந்தன. எதிர்ப்பக்கம் ஒன்றுகூட இல்லை. சாலையில் பழைய டயர் தடம் ஒன்று வளைவின்படி மடங்காமல், நேராகத் தன் காலடியை நோக்கி வந்திருந்தது. அது சுட்டிய திசையில் மதிலைப் பார்த்தாள். மழையில் கறுத்த மதிலின் ஓரிடத்தில் மட்டும் பூச்சு புதிதாக இருந்தது.

“பல்லி. நாம நிக்கறதுதான் வெளிப்பக்கம்.”

“அது எப்படி? ஊரு இந்தப் பக்கம் இருக்கே.”

“ஊருக்கு இல்ல. வளைவுக்கு.”

பல்லி பலகையைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள், எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் கணக்கு நடந்து முடிந்தது. “ஐயோ அண்ணி. ஏறுங்க, ஏறுங்க,” என்று மதிலின் மேல் காலைப் போட்டாள்.

“இரு.”

“என்ன இரு?”

“நான் இங்க நிக்கற வரைக்கும் அவர் இங்க வேகமாப் போக மாட்டார்.”

மதிலின் மேல் ஒரு கால் அந்தப் பக்கமும் ஒரு கால் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்தபடி பல்லி அவளைப் பார்த்தாள்.

அவளுக்கோ மனம் தெளிவாக இருந்தது. கல்யாணமான நாள் முதல் எந்தப் பேச்சாலும், அழுகையாலும், பட்டினியாலும் பிடிக்க முடியாத பிரேக் இப்போது அவள் காலடியில் இருந்தது. வெறுமே நின்றால் போதும். ஊருக்குள் எத்தனையோ வளைவுகள். அவற்றில் அவன் எப்படியோ போகட்டும். இந்த ஒன்றிலாவது, இன்றாவது, அவள் சொன்னபடி போவான். முதல் சுற்றில் பார்த்த அழகு அவளுக்கு நினைவு வந்தது. அதை ஒதுக்கினாள். நின்றாள்.

ஐந்தாம் சுற்று வந்தது. அவன் தூரத்திலேயே நிமிர்ந்துவிட்டான். தலை சாலையைப் பார்க்கவில்லை, அவளைத் தேடிற்று. யாரும் பிரேக் பிடிக்காத இடத்தில் பிடித்தான். பின்னால் ஒட்டி வந்த சிவப்பு வண்டிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. சிவப்பு வண்டியின் முன்சக்கரம் அவன் வண்டியின் வாலை உரசியது. இரண்டு வண்டிகளும் ஒன்றாக நடுங்கின. சிவப்பு வண்டிக்காரன் அவனுக்கும் வைக்கோலுக்கும் இடையில் இருந்த சந்தில் புகுந்து, தோளால் ஒரு கட்டைப் பிய்த்துக்கொண்டு, எப்படியோ நிமிர்ந்து போனான். அவள் கணவனும் ஒரு காலைத் தரையில் ஊன்றி, மீண்டு, போனான். வைக்கோல் அவள் புடவையில் ஒட்டியிருந்தது.

மதிலை எப்படித் தாண்டினாள் என்பது அவளுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் வந்து நின்றபோது முழங்கை சிராய்த்திருந்தது.

“குனிஞ்சு உக்காரு,” என்றாள் பல்லியிடம். “தலை தெரியக் கூடாது. நாம போயிட்டோம்னு அவருக்குத் தெரியணும்.”

இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆடு சற்று நகர்ந்து இடம் கொடுத்தது. இங்கிருந்து வானமும் மதிலின் உட்பூச்சும்தான் தெரிந்தன. ஒப்பந்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

ஆறாவது சுற்றின் சத்தம் எழுந்தது. ஒவ்வொரு வண்டியும் திருப்பத்துக்கு முன் குரலைத் தாழ்த்தி, திருப்பத்துக்குள் அடக்கி வாசித்து, வெளியே வந்ததும் கத்தியது. ஒரு வண்டி மட்டும் வெகு முன்பே தாழ்ந்து, தயங்கி, தடுமாறியது, தேடியது, பிறகு போயிற்று. அவள் எழுந்து பார்க்கக் கையை மதிலில் வைத்தாள். பல்லி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

ஏழாவது சுற்றில் அந்தத் தயக்கம் பாதியாக இருந்தது. எட்டாவதில் எது அவன் வண்டி என்று அவளால் பிரித்துக் கேட்க முடியவில்லை.

கொடிக்காரர் பின்வாசல் வழியாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ஒலிபெருக்கி முடிவுகளை அறிவித்துக்கொண்டிருந்தது. அவன் பதினொன்றாவது.

“உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?” என்றார்.

“படிச்சுட்டுத்தான் நின்னோம்,” என்றாள் பல்லி. “வெளிப்புறம்னு போட்டிருந்துச்சு. அதனாலதான் உள்பக்கம் நின்னோம்.”

“எதுக்கு உள்பக்கம்?”

“ஊருக்கு.”

“வளைவுக்கும்மா. வளைவுக்கு.”

“அத எழுத வேண்டியதுதானே? ஒரு சொல்லு கூடப் போட்டா பலகை தாங்காதா?”

“இத்தன வருஷமா யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல.”

“கேக்கறதுக்கு யாரும் மிஞ்சலையோ என்னமோ.”

அவர் அதை மறுக்கவில்லை. மதிலின் புதுப் பூச்சை ஒருமுறை பார்த்துவிட்டு, சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தும் லாரித் திடலில் அவன் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மீது உட்கார்ந்திருந்தான். தலைக்கவசத்தின் வாரைக் கழற்ற அவனால் முடியவில்லை. அவள் குனிந்து கழற்றினாள்.

“அங்க யாராவது நிப்பாங்களா?” என்றான். கத்தவில்லை.

“உள்பக்கம்னு சொன்னீங்க.”

“அது வெளிப்பக்கம்.”

“இப்பத் தெரியும்.”

“வண்டி நழுவினா எங்க வந்து மோதும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். மதில்ல புதுசாப் பூசியிருக்காங்க.”

அவன் கையுறையை உருவினான். “கை காட்டினேன். திரும்பவும் காட்டினேன். நீ அசையவே இல்ல.”

“ரெண்டாவது தடவையில புரிஞ்சுது.”

“புரிஞ்சும் நின்னியா?”

“நின்னேன்.”

“ஏன்?”

“நான் நின்னா நீங்க மெதுவாப் போனீங்க.”

பக்கத்தில் யாரோ இயந்திரத்தை முடுக்கி அணைத்தார்கள். “பாலத்துல ஏறறப்ப பாலம் தெரியல,” என்றான். “பள்ளிக்கூடம் வந்தது தெரியல. நீ இன்னும் அங்கயே நிக்கறியா, முன்னாடி போனவன் எவனாவது உன் மேல... அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள. கடைசியில உன்னக் காணோம். போயிட்டியா, இல்ல வேற ஏதாவது ஆயிருச்சான்னு தெரியாம மிச்சத்த ஓட்டினேன். எப்படி இருந்துச்சு தெரியுமா?”

“தெரியும்,” என்றாள்.

எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை.

கேட்காமல் விட்ட இடைவெளியில் பல்லி நுழைந்தாள். “ஒண்ணு சொல்லிடறேன். அண்ணி அஞ்சு சுத்துதான் பாத்தாங்க. மிச்சத்த ஆட்டுக்கூட உக்காந்து கேட்டாங்க. ஒப்பந்தப்படி இது செல்லாது. அடுத்த பந்தயத்துல மறுபடியும் முதல்லேருந்து...”

“நீ சும்மா இரு,” என்றான் அவன். அவளை நோக்கி, “சொல்லு,” என்றான்.

அவள் வாரின் கொக்கியைத் தேவையில்லாமல் மாட்டினாள், கழற்றினாள்.

“முதல் சுத்துல நீங்க போனது நல்லா இருந்துச்சு. அவ்வளவு நல்லா இருக்கும்னு நான் நினைக்கல. நிறுத்திருங்க.”

இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அவள் ‘ஆனால்’ என்ற சொல்லை வைக்கவில்லை. அவனும் அதைத் தேடவில்லை.

“சரி,” என்றான்.

பல்லி யாருக்கும் முகம் காட்டாமல் வண்டியின் பக்கம் திரும்பி, அழுக்கே இல்லாத பெட்ரோல் தொட்டியைத் தன் துப்பட்டாவால் துடைக்கத் தொடங்கினாள். நிறைய நேரம் துடைத்தாள்.

பெரிய வண்டிகளின் பந்தயத்துக்கு ஒலிபெருக்கி அழைத்தது. சாலைகள் மறுபடியும் மூடப்படும். அது முடியும்வரை வீட்டுக்குப் போக வழியில்லை. அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

“பல்லி, எங்க நின்னா நல்லாத் தெரியும்?”

“எதப் பாக்கணும்னு சொல்லு. அதுக்குத் தகுந்த இடம் சொல்றேன்.”

அவன் யோசித்தான். இத்தனை ஆண்டுகளில் இந்தப் பாதையை ஒருமுறைகூட ஓரத்தில் நின்று பார்த்ததில்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தோன்றியது போலிருந்தது. “எனக்குத் தெரியல,” என்றான்.

திடலின் கம்பிவேலியை ஒட்டி மூவரும் நின்றார்கள். வண்டிகள் வந்தன. அவன் கம்பியைப் பிடித்த வலது மணிக்கட்டு, வண்டியின் வேகத்தைக் கூட்டுவதுபோலத் தானாக உள்ளே திருகியது, திருப்பத்தில் தளர்ந்தது, மீண்டும் திருகியது. வண்டிகள் போன பிறகும் அது உடனே நிற்கவில்லை. அவள் சாலையைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க சரியில்ல,” என்றான். வேலியோரமாகப் பத்தடி நடந்து வேறிடத்தில் நின்றான். அங்கும் ஒரு சுற்றுக்கு மேல் அவனால் நிற்க முடியவில்லை. “இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாக்கலாமா?”

“வாங்க,” என்று அவள் அவனுக்கு முன்னால் நடந்தாள்.